தகவலுக்கு மட்டும்

வியாழக்கிழமை மதியம் பொந்தியான் மருத்துவமனையின் தலைமைத் தாதி, மேட்ரன் வெள்ளையம்மா அழைத்தார். சனிக்கிழமை நடக்கவிருந்த வாரியக் கூட்டத்துக்கு நான் நிகழ்ச்சி நிரல் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி யுகேந்திரன், ஒரே ஒரு கேள்வி. என் பேப்பர யாராச்சும் படிச்சாங்களா?"

"எந்தப் பேப்பர், மேட்ரன்?"

"அலமாக்! எந்தப் பேப்பர்னு கேக்குறீங்களே. பிளட் பிரிட்ஜ் பேப்பர் லா. மார்ச்லேர்ந்து மாசாமாசம் அனுப்புறேன். அங்க ஏர்கோன் ரூம்ல குளுகுளுன்னு உக்காந்து என்னதான் செய்றீங்க எல்லாரும்?"

"வாரியத்துக்குப் போயிருக்கு. மூணு கூட்டத்துலயும் இருக்கு."

"இருக்குன்னா முடிவு என்னா?"

மூன்று கூட்டங்களின் குறிப்புகளையும் திரையில் திறந்தேன். மார்ச், ஜூன், செப்டம்பர். மூன்றிலும் ஒரே வரி. 'கவனத்தில் கொள்ளப்பட்டது.' அதைப் படித்துக் காட்டினேன்.

"கவனத்துல வச்சிக்கிட்டு என்னா செய்றது? பிரிட்ஜ் இன்னமும் இல்ல தம்பி. ரத்தம் ஜேபிலேர்ந்துதான் வருது. உங்க வீட்டுக்காரம்மா கேஸுக்கு அப்புறமாவது ஒரு முடிவு வரும்னு பாத்தா..."

அங்கே நிறுத்தினார்.

"என் மனைவி கேஸுக்கு என்ன, மேட்ரன்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

திறந்திருந்த குறிப்புகளில் ஜூன் மாதத்தை மறுபடி பார்த்தேன்.

"நான் வார்டுக்குப் போவணும்," என்று வைத்துவிட்டார்.

ஷர்மினி ஜூன் ஒன்பதாம் தேதி இறந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. சனி ஞாயிறுக்குப் பொந்தியானில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் வயிற்று வலி என்றாள். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. கரு உண்டாகியிருந்ததே எங்களுக்குத் தெரியாது. நான் வேலை பார்க்கும் அறநிறுவனத்தின் பொந்தியான் மருத்துவமனை அவர்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். அங்கே கொண்டுபோனார்கள். நான் ஜேபியிலிருந்து, அதாவது ஜொகூர் பாருவிலிருந்து, காரில் கிளம்பினேன். பெக்கான் நெனாசுக்குப் பக்கத்தில் எங்கள் மருத்துவமனையின் வெள்ளை வேன் ஒன்றை முந்திப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இது எங்கே போகிறது என்று நினைத்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே நிறைய ரத்தம் போய்விட்டது, எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. கையில் இருந்ததை வைத்து முடிந்ததெல்லாம் செய்தார்கள்.

அந்த வேனில் என்ன இருந்தது என்று வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் துணைக்கரம் மருத்துவ அறநிறுவனத்துக்கு மூன்று மருத்துவமனைகள். ஜொகூர் பாருவில் பெரியது, பொந்தியானிலும் சிகாமட்டிலும் சிறியவை. பெக்கோக்கில் ஒரு கிளினிக். லாபத்துக்கு நடத்துவதில்லை. உரிமையாளர் என்று யாரும் இல்லை. அதனாலேயே முடிவெடுக்க ஆட்கள் அதிகம்.

மேலே வாரியம். பதினொரு அறங்காவலர்கள். ஆண்டுக்கு நான்கு முறை கூடுவார்கள். அதற்குக் கீழே மருத்துவக் குழு, கட்டடக் குழு, பணியாளர் குழு. முன்பு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஊர்க் குழு ஒன்று இருந்தது. பொந்தியான் குழுவில் ஒரு மளிகைக்கடைக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், கோயில் செயலாளர். ஏதாவது கெட்டுப்போனால் மறுநாளே ஆள் கூட்டிவந்து பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலோசனை நிறுவனம் வந்து புதிய அமைப்பு வரைந்து கொடுத்தது. ஊர்க் குழுக்கள் போயின. பெட்டிகளும் கோடுகளும் வந்தன. அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியது நான்தான்.

வெள்ளையம்மாவின் பேப்பரை அன்றுதான் முழுதாகப் படித்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில், ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலை நிற்பதில்லை, அதனால் அவசரத்துக்கு வைத்திருந்த பைகளை ஜொகூர் பாருவுக்கே திருப்பி அனுப்பிவிட்டோம் என்றிருந்தது. இரண்டாம் பக்கத்தில் கொள்முதல் பிரிவின் பதில். பொந்தியானில் அறுவைச் சிகிச்சை தொடருமா என்று வாரியம் முடிவு செய்த பிறகே புதியது வாங்க முடியும். மூன்றாம் பக்கத்தில் மருத்துவக் குழுவின் பரிந்துரை. புதியது வரும்வரை பொந்தியானில் எல்லா அறுவைச் சிகிச்சைகளையும் நிறுத்தி வைக்கலாம். ஒரு சேவையை நிறுத்தும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உண்டு. கடைசி வரி: 'வாரியத்தின் முடிவுக்கு.'

கொள்முதல் பிரிவு வாரியத்துக்காகக் காத்திருந்தது. வாரியம் அந்தப் பேப்பரைத் திறக்கவே இல்லை. காரணம் நான்.

வாரியத்துக்குப் போகும் பேப்பர்கள் இரண்டு வகை. முடிவுக்கு, தகவலுக்கு. முடிவுக்கு வருவதை ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். தகவலுக்கு வருவதை யாரும் பிரிப்பதில்லை. கூட்டத்தின் கடைசியில் தலைவர் மொத்தமாக ஒரு வார்த்தை சொல்வார், நான் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதுவேன். வாரியத் தலைவர் டாக்டர் கதிரேசு, டத்தோ பட்டம் பெற்றவர். அவருக்கு ஒரு விதி உண்டு. முடிவுக்கு ஏழு பேப்பர்களுக்கு மேல் கூடாது. மதியச் சாப்பாடு ஆறக் கூடாது. மார்ச் மாதம் எட்டு வந்திருந்தன. ஒன்றைக் கீழே, தகவல் பட்டியலுக்குத் தள்ள வேண்டும். நான் தலைப்புகளை மட்டும் பார்த்தேன். 'பொந்தியான் இரத்தக் குளிர்பெட்டி: நிலவரம்.' நிலவரம் என்றால் தகவல்தானே. கீழே போட்டேன். இரண்டு நொடி வேலை. அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பி ஷர்மினியுடன் சாப்பிடப் போனேன்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிவரை அந்த மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லோஷினி நினைவுக்கு வந்தாள். 

லோஷினி ஷர்மினியின் தங்கை. நிறைமாதம். நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கிறது, வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை. பொந்தியான் துணைக்கரத்தில். பணியாளர் குடும்பம் என்று படிவம் நிரப்பி அவளுக்கு அங்கே அறை ஏற்பாடு செய்தது நான். டாக்டரிடம் போனில் பேசியதும் நான்.

திட்டமிட்ட அறுவைக்கு ஐஸ் பெட்டியில் இரண்டு பை ரத்தம் முன்கூட்டியே வரும். இரண்டு போதவில்லை என்றால் மூன்றாவது பை ஜொகூர் பாருவிலிருந்து வர வேண்டும். ஒரு மணி நேரம் இருபது நிமிடப் பயணம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பொந்தியான் போனேன்.

லோஷினிதான் கதவைத் திறந்தாள். ஒரு கை இடுப்பில்.

"வாங்க மாமா. வெள்ளிக்கிழமை ஜாம்ல வந்திருக்கீங்க. என்னா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல. பாத்துட்டுப் போலாம்னு."

"ஆறு மாசமா பாக்கத் தோணல. இப்ப தோணுதாக்கும்." சிரித்தாள். ஷர்மினியின் அதே பல்வரிசை. நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

மேசைமேல் சாய்த்து வைத்த போனில் அவள் கணவன் ரூபேந்திரன். சிங்கப்பூரில் வேலை முடிந்து பேருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரே கூட்டம்.

"சகலை! திங்கக்கிழமை லீவு போட்டுட்டேன். நீங்களும் வந்துருங்க. எனக்கு ரத்தம் பாத்தா மயக்கம் வரும், யாராச்சும் என்னைப் புடிக்கணும்."

"உங்கள யாரு உள்ள விடுறா?" என்றாள் லோஷினி. "நீங்க வெளிய நின்னு மயக்கம் போடுங்க, அது போதும்."

மாமியார் ராசம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "மாப்பிள்ளை, சாப்புட்டுத்தான் போவணும். உடம்பப் பாருங்க, கழுத்தெலும்பு தெரியுது."

போனை வைத்த பிறகு சொன்னேன். "லோஷினி, ஆபரேஷன ஜேபி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாமா?"

"ஏன்?"

"அங்க வசதி அதிகம்."

"மாமா, இன்னும் மூணு நாளுதான் இருக்கு. பொந்தியான்லயே போடு, எல்லாரும் தெரிஞ்சவங்க, நல்லாப் பாத்துக்குவாங்கன்னு சொன்னது யாரு? நீங்கதான?"

"நான்தான்."

"அப்ப இப்ப என்னா?"

ராசம்மா கரண்டியோடு வந்து நின்றார். "அந்த டாக்டரு நம்ம புள்ளைக்காக அழுதாரு மாப்பிள்ளை. பெத்தவ நான் பாத்தேன். அவரு கையிலதான் இவளுக்குப் பாக்கணும். வேற எங்கயும் போவ வேணாம்."

"அத்தை, அது வந்து..."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். அங்கே ரத்தம் இல்லை. அக்காவுக்கும் இருக்கவில்லை. ரத்தம் இருந்திருக்கக்கூடிய வழியை அடைத்தது நான். முதல் வாக்கியத்தைச் சொன்னால் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும். மேசைமேல் இருந்த போனை நகர்த்தி வைத்தேன். 

"பயமா இருக்கா மாமா?" லோஷினியின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத்தான் பயமா இருக்கணும். நீங்க பயப்படாதீங்க."

"சும்மா கேட்டேன்," என்றேன்.

சோறு, மீன் குழம்பு. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன், போடாவிட்டால் கேள்வி வரும். திரும்பும்போது பெக்கான் நெனாஸ் சாலையில் எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வேனையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு அலுவலகம் வந்தேன். முன்னரே அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் என் மேலதிகாரி மேடம் ஷாமளாவின் கையெழுத்து இருந்தது. அறநிறுவனத்தின் செயலாளர் அவர். அவர் கையெழுத்திட்ட பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. நான் கோப்பைத் திறந்தேன். பொந்தியான் பேப்பரைத் தகவல் பட்டியலிலிருந்து வெட்டி, முடிவுப் பட்டியலில் முதலாவதாக ஒட்டினேன். அதுவும் இரண்டு நொடிதான். புதிதாகப் பதினொரு பிரதிகள் எடுத்தேன். இயந்திரம் ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவைப் பார்த்தேன்.

எட்டே முக்காலுக்கு ஷாமளா வந்தார். ஒரு பிரதியை எடுத்துப் படித்தார்.

"யுகேன், நான் கையெழுத்து வச்ச லிஸ்ட் இது இல்லையே."

"இல்ல மேடம்."

"எட்டு இருக்கு. டத்தோ ஏழு எண்டுதானே சொல்லி வச்சிருக்கிறார். ஏன் இதை மேல போட்டீர்?"

"மார்ச்ல கீழ போட்டது நான்தான்."

"தெரியும்."

அவர் கதவைச் சாத்தினார்.

"ஜூன்ல நீர் லீவில இருந்தீர். லிஸ்டை நான்தான் செய்தனான். அப்ப மூண்டு பக்கத்தையும் வாசிச்சனான். மார்ச் எண்ட தேதியையும் பாத்தனான். உம்மட மனுசிக்கு என்ன நடந்தது எண்டு எனக்கு விளங்கிட்டுது."

"அப்பவே மேல போட்டிருக்கலாமே."

"மேல போட்டா என்ன கேப்பினம்? மார்ச்சில ஏன் கீழ கிடந்தது எண்டு கேப்பினம். ஆர் போட்டது எண்டு கேப்பினம். மனுசி செத்து ரெண்டு கிழமைகூட ஆகேல்லை உமக்கு. அந்த நேரம் அதை உமக்குச் சொல்ல ஏலுமா? விட்டுட்டன்."

"செப்டம்பர்ல?"

"செப்டம்பர்ல நீர் ஒழுங்காச் சாப்பிடக்கூட இல்லை. நான் கொண்டுவந்த சோத்துப் பெட்டி அப்பிடியே திரும்பி வரும்." கண்ணாடியைத் துடைத்தார். "உமக்குத் தெரிய வேண்டாம் எண்டு நினைச்சன். வேற ஒண்டுமில்லை."

 ஆறு மாதமாக அந்தப் பேப்பர் கீழே கிடந்தது என் பொருட்டு. என்மேல் இருந்த இரக்கத்தால்.

"ஜூன்லேர்ந்து அங்க எத்தனை ஆபரேஷன் நடந்துச்சு தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"நாப்பத்தொண்ணு. நேத்து எடுத்துப் பாத்தேன்."

"ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

"நடக்கல. திங்கக்கிழமை நாப்பத்திரெண்டு. என் மச்சினிச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பழைய லிஸ்டைப் போடும் யுகேன். திங்கள் மருத்துவக் குழு டாக்டர் ஜெயகுமாரோட நான் தனியாக் கதைக்கிறன்," என்றார்.

திங்கள் எட்டு மணிக்கு அறுவை. நான் புதிய பிரதிகளை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை.

பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பேர் அறையில், இருவர் திரையில். ஆறு பேராவது இருந்தால்தான் எடுக்கும் முடிவு செல்லும். அதைக் கோரம் என்பார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்து போனார் என்று எழுதுவது என் வேலை. பேசுவது என் வேலை இல்லை. நான்கு ஆண்டுகளாக அந்த அறையில் என் குரல் கேட்டதில்லை.

டத்தோ கதிரேசு தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எழுபத்தாறு வயது. ஒரு காலத்தில் பெரிய சர்ஜன்.

"ஷாமளா, எட்டெல்லோ இருக்கு? முதலாவதே குளிர்பெட்டியோ? காலங்காத்தால குளிருது." சிலர் சிரித்தார்கள். "இதைக் கடைசியில வச்சுக்கொள்ளுவம். நேரமிருந்தாப் பாப்பம்."

ஷாமளா தலையை ஆட்டினார். நான் எழுதினேன். பேனா வழுக்கியது.

அதன் பிறகு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. வாகன நிறுத்துமிடம் பற்றிப் பேசினார்கள். ஏழு. கிளினிக் நேரம் பற்றிப் பேசினார்கள். பதினொரு மணிக்குத் திரையில் ஒருவரின் முகம் அசையாமல் நின்றது. அவர் பெக்கோக்கில் இருந்தார், அங்கே லைன் அப்படித்தான். முகம் வாய் திறந்தபடி ஐந்து நிமிடம் இருந்தது. பிறகு கட்டம் கறுத்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. 'வெளியேறினார் 11.10.' ஆறு.

ஐந்தாவது பேப்பர் தாதியர் சீருடையின் நிறம். நீலமா, இளம் பச்சையா. முப்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். யாராவது கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் அவர் பெயருக்கு நேரே பேனாவை வைத்தேன். யாராவது நாற்காலியைப் பின்னால் தள்ளினால் எழுந்து போகிறார் என்று நினைத்தேன். ஒருவர் கழிவறைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை கதவையே பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

ஏழாவது பேப்பர் முடிந்ததும் அறங்காவலர் ஐயாசாமி சார் எழுந்தார். சாஆ என்ற ஊரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். தோள்பையை மாட்டிக்கொண்டார்.

"டத்தோ, நான் கெளம்புறேன். ஊர்ல ஒரு சாவு. மூணு மணிக்கு எடுக்குறாங்க."

"போயிட்டு வாங்கோ."

நான் ஷாமளாவைப் பார்த்தேன். கோரம் குறைந்தால் சொல்ல வேண்டியவர் அவர். அவர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டத்தோ," என்றேன். "சார் போயிட்டா அஞ்சு பேர்தான். கோரம் இல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். நாற்காலி பேசியதுபோலப் பார்த்தார்கள்.

"ஓ. அப்ப முடிப்பம்," என்றார் டத்தோ. "ஒண்டுதானே மிச்சம். மார்ச்சில பாப்பம்."

"என்னா மிச்சம்?" என்றார் ஐயாசாமி.

"பொந்தியான் பிரிட்ஜ்."

"ஒரு பிரிட்ஜ் வாங்க பதினோரு பேரா? எங்க வீட்ல சம்சாரம் ஒத்த ஆளாப் போயி வாங்கிட்டு வந்துட்டா. என்னைக்கூடக் கேக்கல லா!"

சிரிப்பு. அவர் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார்.

"வாங்கறதுக்கு இல்ல சார்." என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. "அது வர்ற வரைக்கும் ஆபரேஷன நிறுத்துறதுக்கு. அத வாரியம் மட்டும்தான் செய்யலாம். மூணாவது பக்கத்துல இருக்கு."

"யுகேந்திரன்." கூப்பிட்டது மருத்துவக் குழுவின் தலைவர் டாக்டர் ஜெயகுமார். குரலை உயர்த்த மாட்டார். "நீங்க குறிப்பு எழுதுங்க. பேசுறது நாங்க. டத்தோ, இது மூணு தடவ வந்து போன விஷயம். அப்ப முன்னெச்சரிக்கையா ஒரு பரிந்துரை குடுத்தோம். அதுக்கப்புறம் என் குழுவுக்கு அங்கேர்ந்து ஒரு சம்பவ அறிக்கைகூட வரல."

வராது. பொந்தியான் அறிக்கைகள் செயல்பாட்டு மேலாளருக்குப் போகும், அது நேர்க்கோடு. மருத்துவக் குழுவுக்குப் புள்ளிக்கோடு மட்டும், அதாவது கேட்டால்தான் போகும். சுவரில் நான் மாட்டிய படத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஐயாசாமி பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆவலதானே?"

"ஆகல," என்றார் ஜெயகுமார்.

"ஆச்சு," என்றேன். "ஜூன் ஒன்பது. ரத்தம் வேன்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. ஷர்மினி. என் மனைவி."

 திரையில் இருந்தவர் வீட்டில் ஒரு நாய் குரைத்தது. அவர் அவசரமாக ஒலியை அணைத்தார்.

டத்தோ கதிரேசு மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். மெதுவாகப் படித்தார். அவர் விரல் கடைசி வரியில் நின்றது.

"இது மார்ச்சிலேயே முடிவுக்கு எண்டு வந்திருக்கு. ஏன் எனக்கு வரேல்லை?"

ஷாமளா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் கீழ போட்டேன். ஏழுக்கு மேல வேணாம்னு சொல்லியிருந்தீங்க. தலைப்ப மட்டும் படிச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.  அது இன்னும் மோசமாக இருந்தது.

ஐயாசாமி திரும்பி வந்து உட்கார்ந்தார். பையைக் கழற்றவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"நிறுத்துங்க டத்தோ. இன்னிக்கே. நான் முன்மொழியுறேன்."

வழிமொழிய ஒருவர் வேண்டும்.  ஒரு சேவையை நிறுத்தினால் ஊருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அதை எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 12.28. 12.29. திரையில் இருந்தவர் ஏதோ சொன்னார், உதடு மட்டும் அசைந்தது.

"ஒலி," என்றேன். "ஒலியைப் போடுங்க."

"வழிமொழியுறேன்," என்று கேட்டது. பின்னால் நாய்.

ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஜெயகுமார் தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. 12.31.

"மேட்ரனுக்கு இப்பவே போன் பண்ணும்," என்று டத்தோ ஷாமளாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, மினிட்ஸில பேரைப் போட வேண்டாம். ஒரு நோயாளி எண்டு எழுதும்."

நான் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். பெயரை அடித்து நீக்கவில்லை.

ஐயாசாமி போகும்போது என் தோளைத் தொட்டார்.  'வெளியேறினார் 12.34.'

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் மாடிப்படிக்கு வந்தேன். லோஷினியை அழைக்க எண்ணை எடுத்தபோது அவளே அழைத்தாள்.

"மாமா, இப்பதான் மேட்ரன் போன் பண்ணாங்க. திங்கக்கிழமை ஆபரேஷன் அங்க இல்லையாம். எல்லாமே நிப்பாட்டிட்டாங்களாம். என்னைய ஜேபிக்கு மாத்தி விடுறாங்களாம், நாளைக்கே அட்மிட் ஆவணுமாம். துணிப்பைய மறுபடி அடுக்கிக்கிட்டு இருக்கேன். என்னா மாமா நடக்குது?"

"ஜேபிக்குப் போயிடு. அங்க எல்லாம் இருக்கு."

"நேத்து நீங்க கேட்டது இதுக்குத்தானா? அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

படியில் உட்கார்ந்தேன். சொன்னேன். பிரிட்ஜ். மூன்று பக்கம். எட்டு பேப்பர், ஏழு இடம். தலைப்பு மட்டும் படித்தது. பெக்கான் நெனாசில் நான் முந்திப் போன வேன். குரல் உடையவில்லை. கூட்டக் குறிப்பைப் படிப்பதுபோலத்தான் சொன்னேன்.

 அவள் மூச்சு கேட்டது. நிறைமாத மூச்சு, கனமாக.

"அக்காவுக்குக் குடுக்க ரத்தம் இல்லையா?"

"வந்துக்கிட்டு இருந்துச்சு."

"நம்ம அக்காவுக்கு." அழுகிறாளா என்று தெரியவில்லை. "அம்மா இன்னிக்குக் காலையில அந்த ஆஸ்பத்திரிக்காக வெளக்கு ஏத்துனாங்க மாமா. அந்த டாக்டருக்காக."

நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது," என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. இந்தாங்க."

"லோஷினி, இரு."

போன் கை மாறியது. வளையல் சத்தம். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது, யாரோ அதை மூடினார்கள்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் ராசம்மா. "சாப்புட்டீங்களா?"